முதிரைத் தூணில் 72 துளை: பற்றரி ட்ரில் ஒன்றைத் தெரிவு செய்த அனுபவம்

மட்டக்களப்பு ஆரையம்பதியில் வாவிக்கரைப் பக்கமாக ஒரு பழைய ஓட்டு வீடு. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் கூரை முழுக்கப் போய், அதற்குப் பிறகு வீட்டுக்காரரின் தகப்பன் முதிரை மரம் போட்டுத் திரும்பக் கட்டிய வீடு அது. ஆறு சோடித் தூண், ஒவ்வொரு சோடிக்கும் மேலே ஒரு தீராந்தி, தீராந்தியின் நடுவில் முகட்டு வளையைத் தாங்கும் குட்டித்தூண், பிறகு கைமரம், சலாகை, ஓடு. மரத்தில் ஒரு கறையான் தடம் கூட இல்லை. போனது ஆணிகள்தான். உப்புக் காற்றிலேயே இத்தனை வருடம் இருந்த ஆணிகளின் தலையைச் சுத்தியலால் தட்டினால் பொடியாக உதிர்ந்தது, அதாவது அந்தக் கூரை தன் பாரத்தால் மட்டும்தான் இருந்த இடத்தில் இருந்தது. கீழே இருந்து காற்று தூக்கினால் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை.

வீட்டுக்கார ஐயா அந்தச் சூறாவளியைச் சின்ன வயதில் பார்த்தவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, மாரி தொடங்க முன் கூரையைத் தூணோடு சேர்த்துப் பூட்டித் தர வேண்டும். ஓடு இறக்கி, ஒவ்வொரு மூட்டிலும் கல்வனைஸ் தகடு வைத்து, 16 மில்லிமீற்றர் போல்ட் போடுவது என்று முடிவானது. தூண் தலை ஒவ்வொன்றிலும் நாலு போல்ட், 12 தூணுக்கு 48. குட்டித்தூண் அடியில் நாலு நாலாக ஆறு இடத்தில் 24. மொத்தம் 72 துளை, ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் விட்டம், ஆறு இஞ்சி ஆழம், எல்லாமே காய்ந்து இறுகிய பழைய முதிரையில்.

நான் எங்கள் ஓடாவியாரோடு பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். பலாவிலும் தேக்கிலும் பலகையிலும் இதைவிட அதிகம் துளை போட்டிருக்கிறோம். அதனால் கையில் இருந்த 18 வோல்ட் சின்ன பற்றரி ட்ரில்லையே எடுத்துக்கொண்டு போனோம். அது நல்ல மெஷின், கதவுப் பிணைச்சல், அலமாரி, கூரைச் சலாகை எல்லாம் அதால்தான் செய்தோம். முதலாவது தூணில் முதலாவது துளை, தட்டைப் பிட் போட்டு, இரண்டு இஞ்சி போனதும் புகை வந்தது. மரம் கருகுகிற மணம் வேறு, மோட்டர் சுடுகிற மணம் வேறு, அன்றைக்கு இரண்டும் சேர்ந்து வந்தது. மூன்றாவது துளையில் மெஷின் அப்படியே நின்றது. நான் விசையை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஓடாவியார் "சத்தம் மாறிட்டு மனே, கையை எடு" என்று கத்தினார். எடுக்க முன்னரே பிட் திடீரென்று ஒரு பக்கமாகப் பிடித்து, மெஷின் என் மணிக்கட்டைத் திருகிவிட்டது. ஒரு கிழமை அந்தக் கையால் சுத்தியல் தூக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் வரைக்கும் போட்ட துளை ஐந்து. மிச்சம் 67.

பட்டறைக்கு வந்து செய்த பரிசோதனை

பெரிய மெஷின் வாங்க வேண்டும் என்று உடனே தோன்றியது. ஓடாவியார்தான் நிறுத்தினார். எது தோற்றது என்று தெரியாமல் காசைக் கொண்டுபோய்க் கொட்டாதே, முதலில் பார் என்றார். அவர் இளம் வயதில் துறப்பணமும் கையால் சுற்றும் ஆகரும் வைத்து முதிரையில் துளை போட்டவர், ஒரு மனிதனின் கைப்பலம் துளைத்த மரத்தை மோட்டரால் துளைக்க முடியவில்லை என்றால் பிழை மோட்டரில் மட்டும் இருக்க முடியாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

அதே வீட்டில் கழித்த முதிரைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு முறையும் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்த்தோம்.

முதலில் கியர். மேலே உள்ள தள்ளுவிசை 2இல் இருந்தது. அது வேகக் கியர், சின்னத் துளைக்கும் திருகாணிக்கும் உரியது. 1க்கு மாற்றினால் சுற்று நாலில் ஒன்றாகக் குறைந்து முறுக்கு, அதாவது பிட்டைத் திருப்பும் பலம், அந்த அளவுக்குக் கூடும். அவசரத்தில் யாரும் பார்க்காமல் விட்டிருக்கிறோம். மாற்றியதும் நிற்பது குறைந்தது, ஆனால் மூன்று இஞ்சியில் மறுபடி இறுகியது.

அடுத்து பிட். தட்டைப் பிட் மரத்தை வெட்டுவதைவிடச் சுரண்டுகிறது என்று சொன்னால்தான் பொருத்தம், பலகைக்கு அது போதும், ஆறு இஞ்சி முதிரைக்குப் போதாது. தூளை வெளியே தூக்க அதற்கு வழியே இல்லை, ஆழம் போகப் போகத் தூள் உள்ளேயே சுற்றி அரைபட்டுச் சூடாகிறது. ஆகர் பிட்டுக்கு மாறினோம். நுனியில் திருகுப் புரி, பக்கத்தில் நாரை அறுக்கும் ஒரு பல், பின்னால் தூளை ஏற்றிக் கொண்டுவரும் சுருள். போட்ட உடனேயே வேறுபாடு தெரிந்தது, தூளுக்குப் பதிலாகச் சீவல் சீவலாக வந்தது. ஆனால் புதுப் பிரச்சினை, நுனிப் புரி அகலமான இடைவெளி உள்ளது, மெல்லிய மரத்துக்குச் செய்தது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் பிட்டை ஆழமாக இழுக்கிறது, நாம் தள்ளவே தேவையில்லை, ஆனால் அவ்வளவு தடிப்பமான சீவலை முதிரையில் வெட்ட அந்த மெஷினுக்கு வலு இல்லை, நின்றுவிடுகிறது. கைக்குக் கட்டுப்பாடும் இல்லை. நெருக்கமான புரி உள்ள ஆகர் ஒன்றை எடுத்துப் போட்டபோது அதே மெஷின், அதே பற்றரி, ஆறு இஞ்சியும் போய் மறுபக்கம் வந்தது. ஓடாவியார் ஒன்றும் சொல்லவில்லை, துளைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

நெருக்கமான புரி கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நுனிப் புரியின் தடிப்பத்துக்கு ஒரு சின்ன வழித்துளை முதலில் போட்டால் புரி பிடித்து இழுக்காது, பிறகு நீங்கள் அழுத்துகிற அளவுக்குத்தான் வெட்டும். சிலர் அரத்தால் புரியைத் தேய்த்து மொட்டையாக்கிவிட்டும் வேலை செய்கிறார்கள். இரும்புக்குப் போடும் ட்விஸ்ட் பிட்டும் இறுகிய மரத்தில் மோசமில்லை, மெதுவாகப் போகும், நேராகப் போகும்.

மூன்றாவதாகப் பற்றரி. 2 அம்பியர்-மணிப் பொதியைக் கழற்றிவிட்டு, இரவல் வாங்கிய அதே கம்பனியின் 5 அம்பியர்-மணிப் பொதியைப் போட்டோம். பெரிய பற்றரி அதிக நேரம் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும், அது அதிக வலுவும் தரும் என்பதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அதே துளை, கிட்டத்தட்ட பாதி நேரம் போல இருந்தது, இறுகுகிற இடத்தில் சத்தம் இறங்கவில்லை.

காரணம் சிக்கலானது இல்லை. 18 வோல்ட் பொதிக்குள் 3.6 வோல்ட் செல் ஐந்து வரிசையாக இருக்கும். சின்னப் பொதியில் அந்த ஐந்து மட்டும், பெரிய பொதியில் ஐந்தைந்தாக இரண்டு வரிசை, பத்து செல். இப்போது துளைக்கு வேண்டிய வலுவைக் கணக்குப் பாருங்கள். 18 மில்லிமீற்றர் பிட்டுக்குச் சராசரியாக 20 நியூட்டன் மீற்றர் முறுக்கு, நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்துக்கொண்டால் பிட் முனையில் 628 வோட். மோட்டரிலும் கியரிலும் வீணாவதையும் சேர்த்தால் பற்றரியிலிருந்து 45 அம்பியர் அளவுக்கு இழுக்க வேண்டும். ஐந்து செல் பொதியில் அந்த 45உம் ஒவ்வொரு செல்லுக்குள்ளாலும் போக வேண்டும், சாதாரண செல் அதைத் தாங்காது, வோல்ட் சரிந்துவிடும், பாதுகாப்பு மின்சுற்று அறுத்துவிடும். பத்து செல்லில் பங்கு 22 தான். எங்களுக்கு நின்றது மோட்டர் என்று நினைத்தோம், பல தடவை நின்றது பற்றரி.

ஆகவே வரிசை இப்படி வந்தது: முதல் குற்றவாளி பிட், பிறகு கியர், பிறகு பற்றரி, கடைசியாகத்தான் மெஷின். ஆனாலும் அந்த மெஷினை வைத்து மிச்சம் 67ஐயும் போட முடியாது என்பது தெளிவு. மூன்றாவது துளைக்கு மேல் கியர்ப்பெட்டியைத் தொட முடியாத சூடு, உள்ளே கார்பன் வைத்த மோட்டர், பின்பக்கத் துவாரங்களில் நெருப்புப் பொறி தெரிந்தது. ஒரு வேலைக்காக அதைச் சாகடிப்பதில் நியாயம் இல்லை.

வயர் ட்ரில் ஏன் வேண்டாம் என்றோம்

இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் பட்டறையிலேயே நின்று துளைக்கிறவருக்கு இரண்டு வேகம் உள்ள நல்ல வயர் ட்ரில் இதைவிட மலிவு, பற்றரிச் செலவும் இல்லை. எங்களிடம் இருந்தது ஒற்றை வேக வயர் ட்ரில், சுவருக்கு உரியது, நிமிடத்துக்கு 2800 சுற்று, 18 மில்லிமீற்றர் பிட்டை அந்த வேகத்தில் முதிரையில் போட்டால் பிட் நீலம் பாய்ந்துவிடும். எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் வேலையில் பாதி வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வயலுக்கு நடுவே வாடி, நெல் களஞ்சியம், கரண்ட் கம்பம் இன்னும் வராத புது வீடு. அங்கே ஒரு ட்ரில்லுக்காக ஜெனரேட்டரை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு திரிய முடியாது. 2022இல் கரண்ட் ஒரு நாளில் 13 மணித்தியாலம் போன காலத்தில் பற்றரி வைத்திருந்தவர்கள் வேலை செய்தார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் மனதில் இருந்தது.

பெட்டியில் எழுதியிருப்பதை வாசிப்பது

காத்தான்குடியில் நாங்கள் வழமையாகப் போகும் ஹார்ட்வெயார் கடைக்குப் போனோம். முன்னால் நின்ற பொடியன் ஒரு பெட்டியைத் தூக்கி வைத்து, "இது 88 வோல்ட் அண்ணன், இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான். பெட்டியில் 88 என்று பெரிதாகத்தான் இருந்தது. அவனைக் குறை சொல்லவில்லை, எழுதியதை வாசித்தான். கடைக்காரக் காக்கா எங்களைப் பல வருடமாகத் தெரிந்தவர், ஒன்றும் பேசாமல் மல்டிமீற்றரை எடுத்துத் தந்தார். முழு சார்ஜில் இருந்த அந்தப் பொதி 20.6 வோல்ட் காட்டியது. ஒரு லித்தியம் செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட், ஐந்துக்கு 21. ஆக அது சாதாரண ஐந்து செல் பொதி, 88 என்பது வெறும் எழுத்து. அதேபோல 18 வோல்ட் என்றும் 20 வோல்ட் மெக்ஸ் என்றும் வருவதும் ஒன்றுதான், ஒன்று வேலை செய்யும்போது உள்ள சராசரி, மற்றது நிறைந்தவுடன் உள்ள அளவு. 20ஐ 18ஐவிடப் பெரிது என்று நினைத்துக் கூடக் காசு கொடுக்க வேண்டாம்.

அம்பியர்-மணியைப் பிடிக்கவும் ஒரு வழி உண்டு, தராசு. சாதாரண 18650 செல், அதாவது 18 மில்லிமீற்றர் தடிப்பம் 65 மில்லிமீற்றர் நீளம் உள்ளது, ஒன்று 45 கிராமுக்குக் கிட்ட நிறுக்கும். பத்து செல் உள்ள உண்மையான 5 அம்பியர்-மணிப் பொதி கூட்டோடு சேர்த்து 600 கிராமைத் தாண்டும். 6 என்று எழுதிய ஒரு பொதி 380 கிராம் நின்றது. அதற்குள் பத்து செல் இருக்க வழியே இல்லை, அந்த அளவில் வழமையாக வரும் செல் மூன்றரை அம்பியர்-மணி அளவுக்கு மேல் கொள்ளவும் கொள்ளாது. தராசு காக்காவின் ஆணி நிறுக்கிற தராசுதான்.

அப்புறம் முறுக்கு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், கம்பனிகள் பொய் சொல்வதால் இல்லை, நாம் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று தெரியாததால். நல்ல கம்பனிகளின் தாளில் முறுக்கு இரண்டு எண்ணாக இருக்கும், ஹார்ட், சொஃப்ட் என்று. ஹார்ட் என்பது இரும்பில் திருகு போய் டக்கென்று முட்டி நிற்கிற அந்த நொடியில் வரும் உச்சம், மோட்டர் சுற்றிக்கொண்டிருந்த வேகத்தின் அடியும் அதில் சேர்ந்துவிடும். சொஃப்ட் என்பது தொடர்ந்து தள்ளிக்கொண்டே போகும்போது தரக்கூடியது. ஆகர் பிட் மரத்துக்குள் போவது இரண்டாவது மாதிரி. பெட்டியின் முகப்பில் பெரிதாக இருப்பதோ முதலாவது. உதாரணத்துக்கு மகிட்டாவின் டிஎச்பி484 ஹார்ட் 54, சொஃப்ட் 30 நியூட்டன் மீற்றர். அதே 18 வோல்டில் டிஎச்பி486 ஹார்ட் 130, சொஃப்ட் 65. பொஷ் ஜிஎஸ்பி 18வி-110 சி பெயரிலேயே 110 வைத்திருக்கிறது, அதன் சொஃப்ட் 47. மூன்றும் நல்ல மெஷின்கள்தான், மூன்றும் 18 வோல்ட்தான், ஆனால் முதிரைத் தூணின் முன்னால் அவை 30, 47, 65 ஆகத்தான் நிற்கும்.

எனக்கு எவ்வளவு வேண்டும் என்று எப்படித் தெரியும்? துளையின் விட்டம்தான் சொல்லும். விட்டம் இரட்டிப்பானால் முறுக்கும் இரட்டிப்பாகும் என்று நினைப்போம், அது பிழை. வெட்டும் விளிம்பின் நீளமும் இரட்டிப்பு, அந்த விளிம்பு மையத்திலிருந்து நிற்கும் தூரமும் இரட்டிப்பு, ஆகவே கிட்டத்தட்ட நாலு மடங்கு. 12 மில்லிமீற்றர் பிட்டைச் சும்மா ஓட்டுகிற மெஷின் 25இல் செத்துப்போவது இதனால்தான். அதற்கு மேலே மரம். தேக்கு ஒரு கன மீற்றர் 650 கிலோ அளவில் நிற்கும், முதிரை ஆயிரத்தை நெருங்கும், பாலையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். பெட்டியில் மரத்துக்கு 38 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தால் அது எங்கள் முதிரையை நினைத்து எழுதியது இல்லை, மெல்லிய மரத்தை நினைத்து எழுதியது. நான் அதைப் பாதியாக எடுத்துக்கொள்கிறேன். இது என் கை அனுபவம், புத்தகக் கணக்கு இல்லை.

ஒரு விஷயத்தில் ஓடாவியாருக்கும் எனக்கும் வாக்குவாதம். கடையில் இம்பாக்ட் டிரைவர் ஒன்று 170 நியூட்டன் மீற்றர் என்று இருந்தது, விலையும் குறைவு, சின்னது, நான் அதைக் காட்டினேன். அவர் கையில் வாங்கி ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இது அடிச்சு அடிச்சுத் திருப்புற சாமான், துளை போட ஒரே பிடியா இழுக்கணும்" என்றார். சரியான பேச்சு. இம்பாக்ட் அடி அடியாகத் திருப்புவது, போல்ட்டின் நட் இறுக்கவும் நீளத் திருகு ஏற்றவும் அதைப்போல் ஒன்றில்லை, ஆனால் 18 மில்லிமீற்றர் ஆகரை ஆறு இஞ்சி முதிரைக்குள் கொண்டுபோக அதன் 170ஐ ட்ரில்லின் 65ஓடு ஒப்பிடக் கூடாது. நுனிப் புரியை உடைத்துவிடும்.

கைக்கு வரும் அடி

நான் இந்த ஆய்வை எழுத முக்கிய காரணம் இது. வலு கூடிய மெஷின் வாங்குவது என்றால் அந்த வலு முழுவதும் ஒரு நாள் உங்கள் கைக்கு வரும் என்று அர்த்தம். பிட் இறுகி நின்றால் சுற்றுவது மெஷின். பிடி மையத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது, 65 நியூட்டன் மீற்றர் முறுக்கு அந்த இடத்தில் 44 கிலோ பாரம் இழுக்கிற மாதிரி, அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல், ஏணியில் நிற்கும்போது. ஒரு கையால் யாராலும் பிடிக்க முடியாது. பக்கக் கைபிடி பூட்டி, மையத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்தால் 22 கிலோ. அதையும் கையால் தாங்குவதைவிட, கைபிடியின் நுனி தூணிலோ தீராந்தியிலோ முட்டி நிற்கும்படி வைத்துத் தொடங்கினால் அடி மரத்துக்குப் போகும், கைக்கு வராது. பெட்டிக்குள் அந்தக் கைபிடி இல்லாத பெரிய ட்ரில்லை நாங்கள் தெரிவில் சேர்க்கவே இல்லை. சில புது மெஷின்களில் திடீரென்று திரும்பினால் தானாக நிற்கும் ஏற்பாடும் இருக்கிறது, இருந்தால் நல்லது, ஆனால் கைபிடிக்கு மாற்று இல்லை.

கடைசியில் வாங்கியது சொஃப்ட் முறுக்கு 60க்கு மேல் உள்ள, பிரஷ்லெஸ், அதாவது கார்பன் இல்லாத மோட்டர் வைத்த 18 வோல்ட் மெஷின் ஒன்று, 5 அம்பியர்-மணிப் பொதி இரண்டோடு. எந்தக் கம்பனி என்று எழுதவில்லை, இந்தத் தரத்தில் பல கம்பனிகள் செய்கின்றன. எங்களுக்குத் தீர்மானித்தது வேறு இரண்டு விஷயம்: மட்டக்களப்பிலேயே அதற்குப் பொதி தனியாக வாங்கக் கிடைக்க வேண்டும், சுவிச்சும் கியரும் மாற்றித் தரத் தெரிந்த ஒருவர் கொழும்புக்கு அனுப்பாமல் இங்கேயே இருக்க வேண்டும். மூன்று நெருக்கப் புரி ஆகர் பிட்டும் வாங்கினோம். மெஷினுக்குக் காசைக் கொட்டிவிட்டுப் பிட்டில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும், மரத்தைத் தொடுவது பிட்தானே.

மூன்று நாள் வேலை

முதல் நாள் காலையில் 10 துளை ஒரு பொதியில். அடுத்த பொதியில் 9. கணக்கோடு ஒத்துப்போனது, 18 வோல்ட் 5 அம்பியர்-மணி என்றால் 90 வோட்-மணி, துளைக்கு ஒன்பது பத்து என்று போகிறது. ஒன்று ஓடும்போது மற்றது சார்ஜில் இருந்தது, முக்கால் மணியில் நிறைந்துவிடும். ஆனால் மத்தியான வெயிலில் இது பிழைத்தது. ஓடு இறக்கிய கூரைக்குள் நின்று சூடாகக் கழற்றிய பொதியைச் சார்ஜரில் வைத்தால் அது ஏற்காமல் சூட்டு விளக்கைக் காட்டிக்கொண்டே நிற்கும். குளிர்ந்த பிறகுதான் தொடங்கும். சார்ஜரைக் கிணற்றடி மரநிழலுக்குக் கொண்டுபோய், கழற்றிய பொதியைக் கால் மணி சும்மா வைத்துவிட்டுப் போட்டோம், பிறகு தடங்கல் இல்லை. ஈரத் துணியால் சுற்றலாமா என்று உதவிக்கு வந்த தம்பி கேட்டான், கூடவே கூடாது, செம்பு முனைகளில் தண்ணீர் படக் கூடாது.

ஒவ்வொரு இஞ்சிக்கும் பிட்டைச் சுற்றவிட்டபடியே வெளியே இழுத்துச் சீவலைத் தட்டினோம். பிட்டின் சுருளில் மெழுகுதிரியைத் தேய்த்தால் பழைய முதிரையின் பிடிப்பு நன்றாகக் குறைகிறது. பதினைந்து துளைக்கு ஒருக்கால் சின்ன அரத்தால் கூர் பார்த்தோம். வெட்டும் விளிம்பை மேற்பக்கமாகவும் பக்கப் பல்லை உட்பக்கமாகவும் மட்டும்தான் தேய்க்க வேண்டும், வெளிப்பக்கம் தேய்த்தால் விட்டம் குறைந்து பிட் துளைக்குள்ளேயே இறுகும்.

இரண்டாம் நாள் ஏழாவது தூணில், நாலு இஞ்சி ஆழத்தில், டங் என்று ஒரு சத்தம், மெஷின் திரும்பியது. உள்ளே பழைய ஆணி, மேலே தலை உதிர்ந்து போனதால் கண்ணுக்குத் தெரியவில்லை. கைபிடி தீராந்தியில் முட்டி இருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, முதல் நாள் மணிக்கட்டு நினைவுக்கு வந்து கொஞ்ச நேரம் ஏணியிலேயே நின்றேன். பிட்டின் நுனி போய்விட்டது. அதற்குப் பிறகு பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றை நூலில் கட்டி, துளை போடும் இடத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டே தொடங்கினோம். ஆழத்தில் உள்ளதை அது காட்டாது, மேலோட்டமாக உள்ள ஆணியைப் பிடித்துவிடும், மூன்று இடத்தில் பிடித்தது. பழைய மரத்தில் வேலை செய்பவர்கள் இதைச் செய்யாமல் பிட்டை வைக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு 72ஆவது முடிந்தது. கணக்கில் இரண்டு பிட் போனது. ஒரு துளை மறுபக்கத் தகட்டோடு ஐந்து மில்லிமீற்றர் விலகி வந்தது, அது என் பிழை, கடைசித் தூண் என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்காமல் கண்ணளவில் போட்டேன். முதிரையிலேயே முளை சீவிப் பசை பூசி அறைந்து அடைத்துவிட்டு, இரண்டு இஞ்சி மேலே புதிதாகப் போட்டோம். பழைய சின்ன ட்ரில்லும் அங்கே சும்மா இருக்கவில்லை, தகட்டின் சின்னத் திருகு எல்லாம் அதுதான் ஏற்றியது, உயரத்தில் ஒரு கையால் பிடிக்க அதன் பாரம்தான் வசதி.

அடுத்தது படுவான்கரையில் ஒரு நெல் களஞ்சியத்தின் கதவுச் சட்டம். பாலை மரம், 25 மில்லிமீற்றர் துளை கேட்கிறார்கள். 18இல் இருந்து 25 என்றால் முறுக்கு இரண்டு மடங்குக்குக் கிட்ட, மரமும் முதிரையைவிட இறுக்கம், அதனால் இந்த மெஷினையும் நேரே போட்டு வதைக்க மாட்டோம். முதலில் 12 மில்லிமீற்றர் ட்விஸ்ட் பிட்டால் வழி எடுத்து, பிறகு 18, அதற்குப் பிறகு 25 என்று ஏற்றலாம் என்று ஓடாவியார் சொல்கிறார். வெட்டுத்துண்டு ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம், நாளைக்குப் பட்டறையில் அதில் போட்டுப் பார்க்கப் போகிறோம்.